வாஸ்கா கேட்கிறது, தின்கிறது

ஒரு சமையற்காரர். எழுதப் படிக்கத் தெரிந்தவர், பக்திமான் வேறு. இறந்துபோன வேண்டப்பட்ட அம்மாள் ஒருத்திக்கு அன்றைக்குச் செய்யவேண்டிய காரியம் ஒன்று இருந்தது. அதைச் செய்ய அவர் போன இடம் சாராயக்கடை. எலி வராமல் பார்த்துக்கொள்ள வாஸ்கா என்ற பூனையை அடுக்களையில் காவல் வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால் தரையெல்லாம் அப்பத் துணுக்கு. மூலையில் காடிப் பீப்பாய்க்குப் பின்னால் வாஸ்கா உறுமியபடி ஒரு கோழிக்குஞ்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது.

சமையற்காரர் பூனையை அடிக்கவில்லை. கோழியைப் பிடுங்கவுமில்லை. பேச ஆரம்பித்தார். அட தின்னிப் பண்டாரமே, மனுஷரை விடு, இந்தச் சுவரைப் பார்த்தாவது உனக்கு வெட்கமாக இல்லையா? அடக்கத்துக்கு உதாரணமாக உன்னைத்தானே எல்லோரும் காட்டிக்கொண்டிருந்தார்கள்! இனி அக்கம்பக்கமெல்லாம் வாஸ்கா போக்கிரி, வாஸ்கா திருடன் என்றுதானே பேசும்? இப்படியே போகிறது பேச்சு. பூனை கேட்டுக்கொண்டே தின்கிறது. உபதேசம் முடிவதற்குள் கறி முடிந்துவிடுகிறது.

ரஷ்ய நீதிக்கதைக் கவிஞர் இவான் கிரிலோவ் எழுதி 1812இல் வெளிவந்த கதை இது. ‘ஆ வாஸ்கா ஸ்லூஷயெத் தா யெஸ்த்’, அதாவது ‘வாஸ்காவோ கேட்கிறது, தின்கிறது’ என்ற வரி இன்றைக்கும் ரஷ்யர்கள் வாயில் புழங்குகிறது. எவ்வளவு கண்டித்தாலும் தன் போக்கிலேயே போகிறவனைப் பார்த்துச் சொல்வது. கதையை மறந்தவர்களுக்கும் வரி மறப்பதில்லை.

இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். பூனைக்குச் சொல் உண்டு, கோழிக்கு உண்டு, காடிக்கும் உண்டு. விலங்குகள் எல்லா மொழிக்கும் நடந்தே போய்விடும். வழியில் மாட்டிக்கொள்பவை நீதி பேசும் சொற்கள்தான். இந்தக் கதையிலேயே ஒன்று இருக்கிறது. சமையற்காரரின் பேச்சுக்கு முடிவே வரவில்லை என்று சொல்லும் இடத்தில் கிரிலோவ் போடும் சொல் ‘நிரவவுச்சேனியே’. பிரித்தால் ‘ஒழுக்கம் கற்பித்தல்’. நம் பள்ளிக்கூடத்து ‘நீதிபோதனை’க்கு நேரான சொல். பதினெட்டாம் நூற்றாண்டில் இது கௌரவமான சொல். நீதிக்கதையின் கடைசியில் வரும் பாடத்துக்கே இதுதான் பெயர். இன்றைக்கு ஒரு ரஷ்யர் இதைச் சொன்னால், பெரும்பாலும் கொட்டாவியை அடக்கிக்கொண்டுதான் சொல்வார். கிரிலோவ் எழுதிய காலத்திலேயே அந்த மாற்றம் தொடங்கிவிட்டது. இந்த வரியில் அந்தச் சொல் கோணலாகத்தான் நிற்கிறது.

ஆங்கில மொழிபெயர்ப்பாளருக்கு முன்னால் இருப்பவை என்னென்ன? ‘சர்மன்’ என்றால் தேவாலயமும் பிரசங்க மேடையும் உள்ளே வந்துவிடும். ‘லெக்சர்’ என்றால் கரும்பலகை. ‘மாரல்’ என்றால் கதையின் கடைசி வரி என்று வாசகர் நினைத்துக்கொள்வார். ஆனால் இங்கே நீதி சொல்வது கதைக்கு உள்ளே நிற்கும் ஒரு முட்டாள். ‘மாரலைசிங்’ கிட்டத்தட்ட வருகிறது, ஆனால் அது பிறந்ததிலிருந்தே கிண்டல் தொனியிலேயே இருப்பது போன்ற சொல். ஒரு காலத்தில் மரியாதையாக இருந்து பிறகு கெட்டுப்போன சொல் என்ற வரலாறு அதில் கேட்பதில்லை. தமிழில் ‘உபதேசம்’ அதைச் சுலபமாகச் செய்துவிடுகிறது. கோயிலில் சொன்னால் ஒன்று, ‘ஊருக்குத்தான் உபதேசம்’ என்றால் வேறொன்று.

என் கணிப்பு இதுதான்: ரஷ்ய மொழியில் நீதியைச் சுற்றியுள்ள சொற்கள் பலவற்றில், சொல்பவரைப் பற்றிய ஒரு நமுட்டுச் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அகராதியில் பொருள் வரும், சிரிப்பு வராது. மொழிபெயர்ப்பில் முதலில் உதிர்வது அதுதான்.

கதையைக் குறிக்கும் சொல்லிலிருந்தே தொடங்கலாம். ‘பாஸ்னியா’. நாம் நீதிக்கதை என்கிறோம்; பெயரிலேயே நீதி வந்து உட்கார்ந்துவிட்டது. ரஷ்யச் சொல்லில் நீதிக்கு இடமே இல்லை. ‘பாயத்’ என்ற பழைய வினையிலிருந்து வந்தது, பொருள் ‘பேசுதல்’. விசேஷம் என்னவென்றால் ஆங்கில ‘ஃபேபிள்’ என்பதற்கும் அதே கதை. அதன் லத்தீன் மூலம் ‘ஃபாபுலா’, அதுவும் பேசுதல் என்ற வினையின் பிள்ளை. விலை தாறுமாறாக இருந்தால் ரஷ்யர் ‘பஸ்னஸ்லோவ்னி’ விலை என்பார், ஆங்கிலத்தில் ‘ஃபேபுலஸ்’. இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று கேட்காமலேயே ஒரே வழியில் நடந்திருக்கின்றன.

அப்படியானால் பிரச்சினையே இல்லையே? இருக்கிறது. ‘பாஸ்னியா’ என்பதற்கு அன்றாடப் பேச்சில் இன்னொரு பொருள், புளுகு. ‘பாஸ்னியா சொல்லாதே’ என்றால் நம் ‘கதை விடாதே’தான். ஆங்கிலத்தில் இந்தப் பொருள் ‘ஃபேபிளி’ல் பழசாகி ஏட்டோடு நின்றுவிட்டது, பேச்சில் ‘ஸ்டோரி’க்குப் போய்விட்டது. பைபிளில் மட்டும் அது இன்னும் பளிச்சென்று தெரியும். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில் கிழவிகள் பேச்சான கட்டுக்கதைகளுக்கு விலகியிரு என்று ஓர் அறிவுரை வருகிறது. அந்த இடத்தில் ரஷ்ய பைபிள் போடுவது ‘பாஸ்னியா’, 1611இன் கிங் ஜேம்ஸ் பைபிள் போடுவது ‘ஃபேபிள்’. ஆக, ஒரே சொல் பள்ளிப் பாடப்புத்தகத்தில் நீதியைத் தாங்குகிறது, பைபிளில் விலக்கவேண்டிய பொய்யாகிறது. ரஷ்யக் குழந்தை இந்த இரண்டு பொருளையும் சேர்த்தே கற்கிறது.

இன்னொரு பழமொழி: வானம்பாடியைக் கதைகளால் ஊட்ட முடியாது. (பறவை நைட்டிங்கேல்தான்; நம் ஊரில் அதற்கு வழக்கமான பெயர் இல்லாததால் வானம்பாடி என்கிறேன், பறவையியலாளர்கள் பொறுத்தருள்க.) அகராதிகள் இதற்கு நேராக ஓர் ஆங்கிலப் பழமொழியைத் தருகின்றன. அழகான பேச்சு முள்ளங்கி போன்ற ஒரு கிழங்குக்கு வெண்ணெய் தடவாது என்பது அதன் பொருள். வெறும் வாக்குறுதி கொடுப்பவரைக் குத்துவதற்கு அது. ரஷ்யப் பழமொழியோ பெரும்பாலும் விருந்து வீட்டில் கேட்பது. பேசிக்கொண்டே இருக்கும் விருந்தாளிகளை, போதும் பேச்சு, சாப்பிட வாருங்கள் என்று வீட்டுக்காரம்மா கூப்பிடுவது. பொருள் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆனால் சாப்பிடக் கூப்பிட்ட குரல் திட்டுகிற குரலாகிவிட்டது.

‘பிரீத்சா’ என்ற சொல் வேறு வகைத் தொல்லை. சாலமோன் பெயரில் இருக்கும் நீதிமொழிகள் புத்தகத்துக்கு ரஷ்யப் பெயர் பிரீத்சாக்களின் புத்தகம். இயேசு சொன்ன விதைக்கிறவனின் உவமையும் பிரீத்சா. எபிரேயத்தில் ‘மாஷால்’ என்ற ஒரு சொல் இரண்டையும் அணைத்துக்கொள்வது போல. ஆங்கிலத்தில் முதலாவது ‘ப்ராவெர்ப்’, இரண்டாவது ‘பேரபிள்’. இரண்டும் வேறு வேறு அலமாரி. போதாததற்குப் பதினெட்டாம் நூற்றாண்டுக் கவிஞர் சுமரோகோவ், 1762 முதல் வெளியிட்ட தன் விலங்குக் கதைகளுக்கும் பிரீத்சாக்கள் என்றே பெயர் வைத்தார். அவை ஆங்கிலத்தில் ‘ஃபேபிள்’ ஆகியே தீரவேண்டும். பைபிளின் உபாகமத்தில் சாபம் வருகிற இடத்தில் ‘எல்லா ஜனங்களுக்குள்ளும் பழமொழியாவாய்’ என்ற பொருளில் பிரீத்சா வருகிறது. அதிலிருந்து பிறந்த மரபுத்தொடர், ஊர் வாயில் விழுந்து சிரிப்பாய்ச் சிரிக்கிற ஆளைக் குறிக்கும். அதை ‘பேரபிள்’ என்று மாற்றினால் கேலிக்கு ஆளானவர் ஞானி ஆகிவிடுவார். எதிர்பாராமல் ஏதாவது நடந்தால் ‘என்ன பிரீத்சா இது!’ என்று வியப்பதும் உண்டு. அங்கே நீதியும் இல்லை, உவமையும் இல்லை.

அடுத்தது ‘மரால்’. ஐரோப்பாவிலிருந்து வந்த இரவல் சொல். பார்த்தால் ‘மாரல்’, ‘மொராலிட்டி’ இவற்றின் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். நம்பினால் மோசம். கவிஞர் புஷ்கினின் செய்யுள் நாவலான ‘எவ்கேனி அனேகின்’ முதல் அத்தியாயத்தில், சிறுவன் அனேகினுக்கு ஒரு பிரெஞ்சு வாத்தியார். கண்டிப்பான ‘மராலால்’ பையனைத் தொந்தரவு செய்யாமல், குறும்பு செய்தால் லேசாகக் கடிந்துகொண்டு, கோடைத் தோட்டத்தில் உலாவ அழைத்துப் போகிறார். இங்கே ‘மொராலிட்டி’ என்று போட்டால் வாத்தியாருக்கே ஒழுக்கமில்லை என்பது போல ஒலிக்கும். அவர் செய்யாமல் விட்டது வாஸ்காவின் சமையற்காரர் செய்த வேலையை மட்டும்தான். (பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கும் அதே கோடைத் தோட்டத்தில்தான் 1855இல் கிரிலோவுக்குச் சிலை வைத்தார்கள். சிற்பி கிளோத் பீடத்தைச் சுற்றிலும் கதை விலங்குகளைச் செதுக்கியிருக்கிறார். நீதி வேண்டாம் என்று பையனைக் கூட்டிப்போன இடத்தில் இன்று நீதிக்கதைக்காரர் உட்கார்ந்திருக்கிறார்.)

உரிச்சொல்லாகும்போது ‘மரால்னி’ இன்னும் தூரம் போய்விடுகிறது. ரஷ்யர் ஒருவர் ‘மரால்னா களைத்துவிட்டேன்’ என்றால் அவருடைய ஒழுக்கம் தளர்ந்துவிடவில்லை, மனசு ஓய்ந்துவிட்டது. படையின் ‘மரால்னி’ ஆவி என்றால் ஆங்கிலத்தில் ‘மொரேல்’. உங்கள் கைபேசி ‘மரால்னா’ பழசாகிவிட்டது என்றால் அது கெட்ட சகவாசத்தில் சேர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. நன்றாகத்தான் வேலை செய்கிறது, ஆனால் அதைவிடப் புதிய மாதிரி சந்தைக்கு வந்துவிட்டது. இந்தக் கடைசி வழக்கு மார்க்ஸிடமிருந்து வந்தது. இயந்திரம் தேய்ந்து மதிப்பிழப்பது ஒரு வகை, அதைவிட மலிவான அல்லது மேலான இயந்திரம் வந்ததால் மதிப்பிழப்பது இன்னொரு வகை என்று ‘மூலதன’த்தில் சொல்லி, இரண்டாவதற்கு ஜெர்மன் மொழியில் இந்தச் சொல்லை வைத்தார். 1887இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பும் ‘மாரல்’ என்றே வைத்தது. ஆங்கிலத்தில் அது அந்தப் புத்தகத்துக்கு உள்ளேயே தங்கிவிட்டது. ரஷ்யாவில் பொறியாளரும் கணக்காளரும் அன்றாடம் சொல்லும் சொல்லாகிவிட்டது. தொழில்நுட்ப அறிக்கை ஒன்றில் தொழிற்சாலையின் ‘மாரல்’ தேய்மானத்தைப் பற்றிப் படிக்கும் ஆங்கிலேயர் என்ன நினைப்பார்!

எனக்குப் பிடித்த உதாரணம் சட்டத்தில் இருக்கிறது. ரஷ்யக் குடிமைச் சட்டத்தின் 151ஆம் பிரிவு ‘மரால்னி’ பாதிப்புக்கு இழப்பீடு தருகிறது. அடைப்புக்குறிக்குள் விளக்கமும் சொல்கிறது: உடல் துன்பம் அல்லது ‘நிராவ்ஸ்த்வென்னி’ துன்பம். இரவல் சொல்லுக்கு நாட்டுச் சொல்லால் விளக்கம். இரண்டுக்கும் ஆங்கில அகராதி தரும் முதல் சொல் ‘மாரல்’. அப்படியே பெயர்த்தால் ‘மாரல் பாதிப்பு என்பது உடல் துன்பம் அல்லது மாரல் துன்பம்’ என்று தன் வாலைத் தானே கடிக்கும் வாக்கியம் கிடைக்கும். விஷயம் என்னமோ மன வேதனை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் ஆங்கிலத் தீர்ப்புகள் இந்தச் சிக்கலுக்கே போகாமல் ‘பணமல்லாத பாதிப்பு’ என்ற பொருளில் ஒரு தொடரை வைத்துக்கொள்கின்றன. அழகில்லை, ஆனால் யாரும் ஏமாறமாட்டார்கள்.

இந்த இரண்டாவது சொல்லின் பெயர்ச்சொல் ‘நிராவ்ஸ்த்வென்னஸ்த்’. வேர் ‘நிராவ்’, மனிதரின் சுபாவம். பன்மையில் ஒரு சமூகத்தின் பழக்கவழக்கங்கள். ‘எனக்குப் பிடிக்கிறது’ என்று சொல்லும் வினைகூட இதே வேர்தான்: என் சுபாவத்துக்கு ஒத்துவருகிறது என்பது போல. மரால் வெளியிலிருந்து விதிக்கிற ஒழுங்கு, நிராவ்ஸ்த்வென்னஸ்த் உள்ளிருந்து வருவது என்று ரஷ்யர்கள் வேறுபடுத்துவது வழக்கம். சோவியத் ஆட்சி 1961இல் கம்யூனிசத்தைக் கட்டுபவருக்கான நெறித்தொகுப்பு என்று பன்னிரண்டு விதிகளை அறிவித்தபோது, அதன் பெயரில் வந்தது ‘மரால்னி’தான். இந்த வேறுபாட்டை ஆங்கிலம் வேண்டுமானால் ‘எத்திக்ஸ்’, ‘மாரல்ஸ்’ என்று பிரித்துக் காட்டலாம், ஆனால் ஆங்கில வாசகர் அவற்றை ரஷ்யர் கேட்கிற மாதிரி கேட்பதில்லை. தத்துவக்காரர்கள் இங்கே ஹெகலை இழுப்பார்கள். நான் இழுக்கப் போவதில்லை.

சரி, சொற்களை விட்டு வரிகளுக்கு வருவோம். கிரிலோவ் (1769–1844) வாழ்க்கையின் ஏறத்தாழப் பாதி போன பிறகுதான் இந்த வேலையில் இறங்கினார். அதற்குமுன் நாடகம், பத்திரிகை என்று சுற்றியவர். பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோந்தேனைத் தழுவி எழுதித் தொடங்கினார். முதல் தொகுப்பு 1809இல், 23 கதைகள். பிறகு பீட்டர்ஸ்பர்க் அரசு நூலகத்தில் ஏறத்தாழ முப்பது ஆண்டு வேலை. மொத்தம் இருநூறுக்குச் சற்றுக் குறைவாகவே எழுதியிருக்கிறார். சோம்பேறித்தனத்துக்கும் சாப்பாட்டுக்கும் பேர்போனவர்; வாஸ்காவைப் பற்றி எழுதும்போது யார் பக்கம் நின்றிருப்பார் என்று ஊகிப்பது கடினமில்லை.

ஓநாயும் ஆட்டுக்குட்டியும் கதையை எடுத்துக்கொள்வோம். லா ஃபோந்தேன் தொடங்குவது ‘வலுத்தவன் சொல்லும் நியாயமே எப்போதும் சிறந்தது’ என்ற பொருளில். பேச்சு வாதத்தைப் பற்றியது. கிரிலோவ் அதை ‘வலுத்தவன் பார்வையில் வலுவற்றவனே எப்போதும் வினவாத்’ என்று திருப்பிவிட்டார். ‘வினவாத்’ என்றால் குற்றமுள்ளவன், தப்பு செய்தவன். பேச்சு குற்றத்தைப் பற்றியதாகிவிட்டது. மொழிபெயர்ப்பாளர்களுக்கு முன்னால் ‘வலிமையே நியாயம்’ என்ற ஆங்கிலப் பழமொழி தயாராகக் காத்திருக்கிறது. அதைப் போட்டால் கிரிலோவ் மறுபடி பிரெஞ்சுக்காரர் ஆகிவிடுவார். ‘கில்ட்டி’ என்று போட்டால் நீதிமன்ற வாசனை. ‘டு பிளேம்’ என்று போட்டால் நெருங்கிவருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்ய எழுத்தாளர் ஹெர்ட்சனின் ‘க்தோ வினவாத்?’ (‘யார் மேல் தப்பு?’) நாவலின் ஆங்கிலத் தலைப்பும் அப்படித்தான். ஆனால் ‘வினவாத்’துக்கு இன்னொரு வேலை உண்டு. யார் காலையாவது மிதித்துவிட்டால் ரஷ்யர் ‘வினவாத்’ என்று மன்னிப்புக் கேட்பார், நாம் ‘என் தப்புதான்’ என்பது போல. அந்தப் பணிவான குரல் ஆட்டுக்குட்டி வாயில் ஏற்கெனவே இருப்பது போல ரஷ்யக் காதுக்குக் கேட்கும். ‘எனக்குப் பசிக்கிறது என்பதே போதும், நீ வினவாத்’ என்று ஓநாய் முடிக்கும்போது, மன்னிப்புக் கேட்டே பழகியவன் மேல் அந்தச் சொல் விழுகிறது.

கிரிலோவ் அதே கதையில் முன்னுரை போல இன்னொன்றும் சொல்கிறார். இதற்கு வரலாற்றில் உதாரணம் ஏராளம், ஆனால் நாம் வரலாறு எழுதவில்லை. பாஸ்னியாவில் எப்படிச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். ‘சும்மா கட்டுக்கதைதானே’ என்ற பாவனை. மேலே சொன்ன இரட்டைப் பொருள் இங்கே முழு வேலை செய்கிறது. ஆங்கில ‘ஃபேபிளி’ல் அந்தப் பாவனை கேட்பதில்லை.

எறும்பு கதையில் வேறு வேடிக்கை. ஈசாப்பிடமும் லா ஃபோந்தேனிடமும் பாடுவது சில்வண்டு வகைப் பூச்சி. ஆங்கிலத்தில் அது எப்போதோ வெட்டுக்கிளி ஆகிவிட்டது. கிரிலோவிடம் அது ‘ஸ்த்ரெகஸா’, இன்றைய ரஷ்யனில் தும்பி. தும்பி பாடாது, குதிக்கவும் செய்யாது. ஆனால் கதையில் இரண்டையும் செய்கிறது. அந்தக் காலத்தில் இந்தச் சொல் சத்தமிடும் பூச்சிகளையும் சேர்த்துக் குறித்தது என்பார்கள். தும்பி பெண்பால், எறும்பு ஆண்பால். லா ஃபோந்தேனிடம் இருவருமே பெண்கள், அது இரண்டு அண்டை வீட்டுக்காரிகளின் சண்டை. கிரிலோவிடம் அது கோடை முழுக்க ஆடிப்பாடிய ஒருத்திக்கும், கதவைச் சாத்தும் ஒருவனுக்கும் நடக்கும் உரையாடல். ஆங்கிலத்தில் பூச்சிகளுக்குப் பாலே இல்லை.

செகாவ் 1892இல் எழுதிய ஒரு கதையின் பெயர் ‘பப்ரிகூன்யா’. பொருள் ‘குதித்துத் திரிபவள்’. அதில் எந்தப் பூச்சியும் கிடையாது. ஆனால் கிரிலோவின் எறும்புக் கதை தொடங்குவதே இந்தச் சொல்லோடு, ‘பப்ரிகூன்யா ஸ்த்ரெகஸா’ என்று. ரஷ்ய வாசகர் செகாவின் தலைப்பைப் பார்த்ததும் அடுத்த சொல்லைத் தானே நிரப்பிக்கொள்வார். மொழிபெயர்ப்பாளர் கான்ஸ்டன்ஸ் கார்னெட் என்ன செய்தார்? ‘வெட்டுக்கிளி’ என்று ஆங்கிலத் தலைப்பு வைத்தார். சொல்லை மொழிபெயர்க்காமல், சொல்லுக்குப் பின்னால் நிற்கும் கதையை எடுத்து, ஆங்கிலேயருக்குத் தெரிந்த பூச்சியை உள்ளே வைத்துவிட்டார். இந்த வகை வேலையில் இதைவிடச் சாமர்த்தியமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

எறும்பும் தும்பியும் ஒருவரையொருவர் ‘கூம்’, ‘கூமுஷ்கா’ என்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள். குழந்தையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவருக்கும் பெற்றோருக்கும் இடையே உண்டாகும் உறவுக்குப் பெயர் கூமா, ஆணானால் கூம். சாராயக்கடைக்குப் போன சமையற்காரர் காரியம் செய்ததும் ஒரு கூமாவுக்குத்தான். நவீன ஆங்கிலத்தில் இந்த உறவுக்குப் பெயரே இல்லை. பழைய ஆங்கிலத்தில் இருந்தது: ‘காட்சிப்’, தெய்வ உறவினர். அந்தச் சொல்தான் தேய்ந்து ‘காசிப்’ ஆகி, முதலில் தோழியாகி, பிறகு வம்பளப்பவளாகி, கடைசியில் வம்பாகவே ஆகிவிட்டது. ரஷ்யனிலும் ‘கூமுஷ்கா’ வம்புக்காரிதான்! இரண்டு மொழியிலும் ஞானத்தாய்மார்கள் உட்கார்ந்து பேசியதன் விளைவு ஒன்றேதான் போலும். சரியான சொல் ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் இருந்தும், இப்போது மொழிபெயர்ப்பாளர் அதைத் தொட முடியாது.

சமையற்காரரைப் ‘பக்திமான்’ என்று நான் முதலில் சொன்னது கிரிலோவின் ‘பக்தியுள்ள ப்ராவில்’ கொண்டவர் என்ற தொடரை. ‘ப்ராவில்’ என்றால் விதிகள், கொள்கைகள். அடுத்த வரியில் அதே ஒலியில் ‘காரியம் செய்தார்’ என்ற வினையும் எதுகையாக வந்து அவரைக் குடிக்க அனுப்புகிறது. 1819இல் வந்த இன்னொரு கதையில் ஒரு கழுதை ‘மிக நேர்மையான ப்ராவில்’ கொண்டது. தோட்டத்துக்குக் காவல் போட்டார்கள். ஓர் இலையைக்கூடக் கடிக்கவில்லை, காக்கை விரட்டும் மும்முரத்தில் தோட்டம் முழுவதையும் மிதித்துத் துவைத்துவிட்டது. சில ஆண்டு கழித்து புஷ்கின் தன் ‘எவ்கேனி அனேகினை’த் தொடங்குகிறார்: ‘என் மாமா, மிக நேர்மையான ப்ராவில் கொண்டவர்...’ அன்றைய வாசகர் காதில் உடனே விழுந்திருக்கும் அந்தக் கழுதையின் குளம்புச் சத்தம். ரஷ்யாவில் பிறந்த எழுத்தாளர் நபோகோவ் 1964இல் வெளியிட்ட பிடிவாதமான ஆங்கில நேர்மொழிபெயர்ப்பிலும் மாமா வெறும் நேர்மையான மனிதர்தான். கழுதை வேண்டுமென்றால் உரைக்குப் போகவேண்டும்.

ரால்ஸ்டன் என்பவர் பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்தில் வேலை பார்த்தவர், கிரிலோவைப் போலவே நூலகர். 1869இல் கிரிலோவை ஆங்கில உரைநடையில் கொடுத்தார். 1926இல் வரலாற்றாசிரியர் பெர்னார்ட் பேர்ஸ் செய்யுளாகவே கொண்டுவந்தார். உரைநடையில் பொருள் நிற்கும், வரி மனசில் ஒட்டாது. செய்யுளில் எதுகைக்காக வளைக்கவேண்டியிருக்கும். இரண்டிலும் நடக்காதது ஒன்றுதான்: வாஸ்கா வரி ஆங்கிலத் தெருவில் நடமாடவில்லை.

தெருவில் நடமாடிய ஒரு சொல் உண்டு, ஆனால் அது போன வழி வேறு. பாஸ்னியா எழுதுவது ரஷ்யாவில் தணிக்கையோடு சேர்ந்தே வளர்ந்தது. ‘கதை பொய்தான், ஆனால் அதில் ஒரு குறிப்பு இருக்கிறது, நல்ல இளைஞர்களுக்குப் பாடம்’ என்று புஷ்கின் தன் பொற்சேவல் கதையை முடித்தபோது, தணிக்கைக்காரர் அந்த வரிகளையே வெட்டினார். குறிப்பு இருக்கிறது என்று சொல்வதே குற்றம். பிறகு வந்த அங்கதக்காரர் சல்திகோவ்-ஷெத்ரின் இந்தச் சுற்றிவளைப்புக்கு ஈசாப் பெயரை வைத்தார். ஈசாப் அடிமை என்பது மரபு, இது அடிமை கற்றுக்கொண்ட பேச்சுமுறை. ‘எசோப்பவ் யசீக்’, ஈசாப் மொழி. லெனின் தன் ‘ஏகாதிபத்தியம்’ நூலுக்கு 1917இல் எழுதிய முன்னுரையில் அந்தச் ‘சபிக்கப்பட்ட ஈசாப் மொழி’யில் எழுதவேண்டியிருந்ததை நொந்துகொள்கிறார். தணிக்கைக்காக ஜப்பானையும் கொரியாவையும் உதாரணமாகக் காட்டினேன். கவனமான வாசகர் ஜப்பான் என்ற இடத்தில் ரஷ்யாவையும், கொரியா என்ற இடத்தில் பின்லாந்து, போலந்து முதலானவற்றையும் வைத்துப் படித்துக்கொள்வார் என்கிறார். அதாவது ஓநாய்க்கும் ஆட்டுக்குட்டிக்கும் பதில் இரண்டு நாடுகள்.

அந்தத் தொடர் ஆங்கிலத்துக்கு அப்படியே போனது. 1949இல் நியூயார்க்கில் அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர்கள் பதினொரு பேர் மேல் வழக்கு. அரசை வன்முறையால் கவிழ்க்க வாதாடினார்கள் என்பது குற்றச்சாட்டு. கட்சியின் விதிகளிலோ அமைதி வழி என்று எழுதியிருக்கிறது. கட்சியை விட்டு விலகிய முன்னாள் பத்திரிகையாசிரியர் லூயி புடென்ஸ் அரசுத் தரப்புச் சாட்சியாக வந்து, அதெல்லாம் ‘ஈசாப் மொழி’, லெனினே சொன்ன தந்திரம், எழுதியிருப்பதற்கு நேர்மாறாகப் புரிந்துகொள்ளவேண்டும் என்றார். பதினொரு பேருக்கும் தண்டனை. ரஷ்யனில் வாய்ப்பூட்டு போடப்பட்டவனின் தற்காப்பாக இருந்த சொல், ஆங்கில நீதிமன்றத்தில் அவன் மேல் போடும் குற்றச்சாட்டாகிவிட்டது. இந்தச் சொல்லில் ஓர் எழுத்துகூடத் தவறாக மொழிபெயர்க்கப்படவில்லை.

கிரிலோவிடம் வாத்துக் கதை ஒன்று உண்டு, 1811இல் எழுதியது. சந்தைக்கு ஓட்டிப் போகப்படும் வாத்துகள், எங்கள் முன்னோர் ரோமாபுரியைக் காப்பாற்றியவர்கள், எங்களை இப்படியா நடத்துவது என்று வழிப்போக்கனிடம் முறையிடுகின்றன. சரி, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்கிறான். நாங்களா, ஒன்றுமில்லை என்கின்றன. அப்படியென்றால் முன்னோரை நிம்மதியாக விடுங்கள், நீங்கள் வறுவலுக்குத்தான் லாயக்கு என்கிறான். நீதி வரவேண்டிய இடத்தில் கிரிலோவ் எழுதியது: இந்தக் கதையை இன்னும் விளக்கலாம்தான், ஆனால் வாத்துகளைச் சீண்டவேண்டாமே. ‘வாத்துகளைச் சீண்டுவது’ ரஷ்யனில் இன்றும் வழக்கில் உள்ள தொடர், வீணாகப் பெரிய இடத்துக் கோபத்தைக் கிளறுவதற்கு. ஆங்கில அகராதிகள் குளவிக்கூட்டைக் கலைப்பது, தூங்கும் நாயை எழுப்புவது என்று விதவிதமாகத் தருகின்றன. ஆனால் குளவிக்கும் நாய்க்கும் முன்னோர் பெருமை கிடையாது.